கூடாரத்தைப் பிரித்த அன்று

என் அருமை மீனாக்காவுக்கு,

உன் மகள் யாழினி ஓசூருக்குப் போய் மூன்று வாரமாகிறது. புதுப் பள்ளிக்கூடம், மாமாவோடு புது வீடு. போன ஞாயிற்றுக்கிழமை போன் செய்தேன். "சாப்பிட்டேன்" என்றாள். பிறகு போனை அவள் அப்பாவிடம் கொடுத்துவிட்டாள். அவள் கோபம் எனக்குப் புரிகிறது. அதை உன்னிடம்தான் சொல்ல முடியும்.

நீ போனதிலிருந்து அவள் இராசிபுரத்தில் என்னோடும் அவள் அம்மாயியான நம் அம்மாவோடும்தான் இருந்தாள். ஏப்ரலில் மாமா என்னைத் தனியாக அழைத்து, ஜூனிலிருந்து மகளைத் தன்னோடு வைத்துக்கொள்ளப் போவதாகச் சொன்னார். "நான் சொன்னா அழுவா. நீ பக்குவமா சொல்லிடு" என்றார். சரி என்றேன். வீட்டில் வைத்துச் சொல்ல மனம் வரவில்லை. கொல்லிமலையில் கூடாரம் போட்டுத் தங்கலாம், அங்கே சொல்லிக்கொள்ளலாம் என்று கிளம்பினேன். நீ ஆசையாக வாங்கி ஒரே ஒரு முறை விரித்த பச்சைக் கூடாரத்தைத்தான் எடுத்துப் போனோம்.

செம்மேட்டுக்கு அப்பால் ஒரு காட்டோரம் இடம் கிடைத்தது. மிளகும் மரவள்ளியும் போட்டிருந்த செல்லம்மாள் என்பவருடைய நிலம். முதல் நாள் எங்களைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே.

"ஏனுங்க, ஊடு வாசல் இருக்கறப்ப துணிக்குள்ள படுக்கறீங்க? உங்க ஊர்ல செவுத்தையெல்லாம் வித்துப்புட்டாங்களா?"

"சித்திக்குக் குறட்டை வருங்க. அதான் ஊர்ல இருந்து அனுப்பிட்டாங்க" என்றாள் யாழினி. அவள் அப்படி வாயடித்து எவ்வளவு நாளாகியிருந்தது தெரியுமா?

அதனால்தான் சொல்லவில்லை. இன்று ஓடையில் நீந்தப் பழகுகிறாள், நாளை பார்க்கலாம். இன்று பலாப்பழம் தின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறாள், பாவம். இப்படியே மே மாதம் முழுவதும் போயிற்று.

கடைசி நாள் காலையில் கூடாரத்தைப் பிரித்தோம். காற்றுக்கு ஆடாமலிருக்க, ஒரு கயிற்றை நான் பக்கத்துச் சில்வர் ஓக் மரத்தில் இறுக்கிக் கட்டியிருந்தேன். அந்த மரத்தில் மிளகுக்கொடி ஏறியிருந்ததை யோசிக்கவே இல்லை. காற்றில் கூடாரம் இழுக்க இழுக்கக் கயிறு கொடியை அறுத்திருந்தது. அதற்கு மேலே இருந்ததெல்லாம் காய்ந்துவிட்டது. செல்லம்மாள் வந்து மரத்தடியில் நின்றார்.

"கயித்த மரத்துல கட்டுனியா கண்ணு, கொடியில கட்டுனியா?"

"தெரியாம கட்டிட்டேங்க."

"கட்டுனது தெரியாம. சரி. எலை வாடுனத எப்பப் பாத்த?"

பொய் சொல்ல முடியவில்லை. "பத்து நாளாச்சுங்க. கயித்தைத் தளர்த்தி உட்டேன். தழைச்சுக்கும்னு நெனச்சேன்."

"அன்னைக்கே சொல்லியிருந்தா பச்சையா இருந்ததையாவது வெட்டிப் பதியம் போட்டிருப்பேன் சாமி. இப்ப இதை அடுப்புல வைக்கலாம்."

அதோடு அவர் களை எடுக்கப் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை. மடித்த கூடாரத்தின் மேல் யாழினியை உட்காரவைத்து, ஓசூர் விஷயத்தை ஒரே மூச்சில் சொன்னேன்.

"தெரியும் சித்தி" என்றாள். "லீவுக்கு முன்னாடியே அப்பா அம்மாயிகிட்ட பேசுனது எனக்குக் கேட்டுச்சு. நீயா சொல்லுவேன்னு பாத்துட்டே இருந்தேன்."

"ஏன் கண்ணு என்கிட்ட கேக்கல?"

"கேட்டா நீ அழுவியே."

அவளுக்கு ஒன்பதே வயது, அக்கா. நீந்தும்போதும் சிரிக்கும்போதும் அதை மனதில் வைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அழக்கூட அவளுக்கு நான் இடம் கொடுக்கவில்லை.

பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது ஜன்னல் பக்கம் திரும்பியபடியே ஒன்று கேட்டாள். "அம்மாகிட்டயும் இப்படித்தான் சொல்லாம இருந்தீங்களா?"

 பஸ் சத்தத்தில் காதில் விழாதது போல் இருந்துவிட்டேன். அன்றிலிருந்துதான் அவள் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

சேலம் ஆஸ்பத்திரியில் நீயும்தான் கேட்டாய், "டாக்டர் என்ன சொன்னாரு?" என்று. கட்டி சுருங்கிவிட்டதாம் என்றேன். டாக்டர் கைவிரித்ததை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று வீட்டில் எல்லோரும் கூடி முடிவு செய்திருந்தோம். அந்தப் பொய்யை வந்து சொன்னது என் வாய். நீ "அப்படியா" என்று மட்டும் சொன்னாய். மறுநாள், யாழினிக்குச் சீருடையை இரண்டு அளவு பெரிதாகத் தைக்கச் சொன்னாய். வளர்கிற பிள்ளை என்றாய். நானும் தலையாட்டினேன்.

உனக்குத் தெரிந்திருந்ததா அக்கா? நானாகச் சொல்லட்டும் என்று நீயும் பார்த்துக்கொண்டே இருந்தாயா? மகளிடம் சொல்லிவிட்டுப் போக ஏதாவது வைத்திருந்தாயா? நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அவளை அருகில் கூப்பிட்டிருப்பாய் அல்லவா?

சனிக்கிழமை காலை பஸ்ஸில் ஓசூருக்குப் போகிறேன். போனில் சொல்கிற விஷயம் இல்லை இது. "ஆமாம், உங்கம்மாகிட்டயும் சொல்லல, மறைச்சது நான்தான்" என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டால் வெளியே காத்திருப்பேன். திரும்பி வந்து எது கேட்டாலும், உன் கடைசி நாட்களைப் பற்றிக் கேட்டாலும், எனக்குத் தெரிந்தவரை உள்ளதை உள்ளபடி சொல்வேன். அவள் அழுதால் அழட்டும் என்று பக்கத்தில் இருப்பேன். இது நான் உனக்குத் தரும் வாக்கு.

உன்னிடம் சொல்லாமல் மறைத்த தங்கை,
யாழினியின் சித்தி,
கவிதா