வேட் கொடுத்துவைத்த ரிவால்வர்

என்னங்க,

இப்படிக் கூப்பிட்டால் கராஜிலிருந்து "இதோ வாரேன்" என்று ஒரு குரல் வரும். ஆள் வராது, சாப்பாடு ஆறிப்போகும். இன்னமும் ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது வாய் தவறிக் கூப்பிட்டுவிடுகிறேன். உங்கள் மகள் ஷீபா தலையைத் தூக்கிப் பார்ப்பாள். பிறகு டிவி பக்கம் திரும்பிக்கொள்வாள்.

நாங்கள் இருக்கிறோம். ஷீபா டிரைவிங் டெஸ்டில் பாஸாகிவிட்டாள். ஃப்ரீவேயில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வருவதற்குள் எனக்குத்தான் உயிர் போய் வருகிறது. பல் செட் செய்யும் லேபில் என் வேலை இன்னும் போகவில்லை. எண்ணெய்க் கம்பெனிகள் படுத்துவிட்டால் ஹூஸ்டன்காரர்களுக்குப் பல் விழாமல் இருக்குமா என்ன?

எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை. எனக்கு ஒன்று புரியவில்லை. அதைக் கேட்க உங்களைத் தவிர வேறு ஆள் கிடையாது.

உங்களை அடக்கம் செய்து சில வாரம் கழித்து எதிர்வீட்டு வேட் வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். எண்ணெய் ரிஃபைனரியில் ரிடையர் ஆன அந்தப் பெரிய உடம்பு அன்றைக்கு என்னவோ சின்னதாகத் தெரிந்தது. "அவசரம் ஒண்ணும் இல்ல எஸ்தர். என் ரிவால்வர் ஒண்ணு அருள்கிட்ட ரிப்பேருக்குக் குடுத்திருந்தேன். ரிப்பேர் ஆகலேன்னாலும் பரவாயில்ல, திருப்பிக் கிடைச்சாப் போதும்" என்றார்.

அது எது என்று எனக்குத் தெரியும். சுதந்திர தினமான ஜூலை நாலாம் தேதி அவர் வீட்டு பார்பெக்யூ விருந்தில் வருஷா வருஷம் கேட்ட கதைதானே! அவருடைய தாத்தாவின் அப்பா இந்த நாட்டு உள்நாட்டுப் போரான சிவில் வாருக்கு இடுப்பில் செருகிக்கொண்டு போன துப்பாக்கி.

நீங்கள் போன பிறகு அன்றைக்குத்தான் கராஜைத் திறந்தேன். கம்பெனியில் லே-ஆஃப் ஆன பிறகு, பழைய சாமான் சந்தையில் உடைந்த ரிவால்வர் ஒன்றை வாங்கி வந்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? "வெடிக்கிற சாமான் வீட்டுல எதுக்கு?" என்று கத்தினேன். "வெடிக்காது எஸ்தர், அதனாலதான் வித்துட்டான்" என்று சிரித்தீர்கள். நூறு வருஷத்துக்கும் மேல் பழைய மாடலாம். கருமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டை வைத்து அழுத்திச் சுட வேண்டுமாம். அதையே இத்தாலியில் இப்போது நகலாகச் செய்து இங்கே விற்கிறார்களாம். பம்ப் டிசைன் செய்த கைக்கு வேலை வேண்டியிருந்தது. அப்புறம் இன்னொன்றும் வந்தது, நானும் விட்டுவிட்டேன்.

மேஜை மேல் மூன்று ரிவால்வர்கள். கழற்றிய திருகுகள் குழி குழியாகப் பிரித்துப் போடப்பட்டிருந்தன, நான் மஃபின் கேக் சுடும் தட்டில். அது எங்கே போயிற்று என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இரண்டின் குழாய் மேல் 'கருமருந்துக்கு மட்டும்' என்று ஆங்கிலத்தில் அடித்திருந்தது. அசல் செய்த காலத்தில் வேறு மருந்தே கிடையாதே, அதனால் அவை நகல். மூன்றாவதில் ஓர் எழுத்துகூட இல்லை. உடம்பெல்லாம் பழுப்பேறி, மரப்பிடி தேய்ந்து இருந்தது. அதுதான் வேட்டுடையது என்று எடுத்துக்கொண்டேன். பின்பக்கச் சுத்தியலான குதிரையைப் பின்னால் இழுத்தால், குண்டு போடும் சிலிண்டர் சுற்றவில்லை. லேபுக்குப் போகிற வழியில் இருக்கும் துப்பாக்கிக் கடையில் காட்டினேன்.

கடைக்காரர் லென்ஸை வைத்துப் பார்த்தார். குழாயைக் கழற்றினார். அதன் அடியில், குண்டை அழுத்துகிற நெம்புகோலை இறக்கி, உள்பக்கத்தை என்னிடம் திருப்பினார். ஒரு நட்சத்திரமும் பாதிக் கேடயமும் தெரிந்தன.

"மேடம், இது இத்தாலிக்காரன் டெஸ்ட் பண்ணி அடிக்கிற முத்திரை. இதுவும் நகல்தான். மத்த எழுத்தையெல்லாம் யாரோ அரம் போட்டு எடுத்திருக்காங்க. இந்த மூலைக்கு மட்டும் அரம் எட்டல."

"யாரு எடுத்திருப்பாங்க?"

"ஒரிஜினல்னு சொல்லி ஏமாத்துறவங்கதான்."

காரில் வந்து உட்கார்ந்தேன். சாவியைப் போட்டேன், ஆனால் கிளப்ப முடியவில்லை. வேட் கொடுத்தது அசல். கராஜில் இருப்பது நகல். நடுவில் வேலை இல்லாத ஒரு மனிதர், கையில் அரம். எப்படிப் போட்டுப் பார்த்தாலும் கணக்கு உங்களிடம்தான் வந்து நின்றது. காணிக்கைத் தட்டை எண்ணச் சபையில் உங்களைத்தானே கூப்பிடுவார்கள்? அந்த மனிதரா? இல்லை, அந்த மனிதரை எனக்குத் தெரியவே தெரியாதா?

ஷீபாவிடம் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். என் முகத்தைப் பார்த்தே பிடுங்கிவிட்டாள். "மாம், டாட் அத ஸ்விட்ச் பண்ணிட்டாரா?" என்றாள்.

"வாய மூடுடி!" என்று கத்தினேன். நான் கேட்க பயந்ததை அவள் கேட்டுவிட்டாள். அதுதான் கோபம்.

ஜெபிக்க முழங்கால் போட்டால் எதைக் கேட்பது என்று தெரியவில்லை. கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. உங்களுக்கும் இப்படித்தான் இருந்ததோ? சிலிண்டரைத் தள்ளிவிடுகிற விரல் மாதிரித் துண்டில் ஒட்டியிருக்கும் மெல்லிய ஸ்பிரிங் முறிந்திருக்கிறது என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். பல் செட்டுக்குக் கொக்கி வளைக்கும் கம்பியில் ஒரு துண்டு வெட்டி, தட்டி, வளைத்துப் பொருத்தினேன். முறிந்தது. மறுபடி வளைத்தேன், அதுவும் முறிந்தது. கடைசியில் ஒன்று நின்றது. குதிரையை இழுத்தேன். சிலிண்டர் சுற்றி, டக்கென்று பூட்டிக்கொண்டது. அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. பிடித்துவிட்டதே என்று குழப்பமாகவும் இருந்தது.

அரம் போட்ட தடத்தையும் பாலிஷ் செய்துவிடலாம் என்று ரப்பர் சக்கரத்தைக் கையில் எடுத்தேன். பாலிஷ் போட்டால் யாருக்கும் தெரியாது. எடுத்ததைக் கீழே வைத்துவிட்டேன். ஏன் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்லத் தெரியாது.

சனிக்கிழமை காலை கொண்டுபோய்க் கொடுத்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று வாயில் வார்த்தையை மென்றுகொண்டு நின்றேன். வேட் சிலிண்டரைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. துப்பாக்கியைத் திருப்பிக் குழாயைக் கட்டைவிரலால் தடவினார்.

"நல்லவேள, இருக்கு" என்றார்.

"என்ன இருக்கு?"

"அரம் போட்ட தடம். நீங்க பாலிஷ் பண்ணிடுவீங்களோன்னு பயந்துட்டேன்."

"வேட், இது நகல். உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். கொண்டுபோய்க் குடுத்த அன்னிக்கே அருள் சொல்லிட்டார். அதச் சொல்றதுக்குள்ள ரெண்டு கிளாஸ் தண்ணி குடிச்சார், பாவம்." நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டார். "எங்க அப்பா எனக்குக் குடுத்தது. அவர் இடதுகைக்காரர். அவர் அரம் போட்டா இப்படித்தான் சாய்ஞ்சு விழும். அருள் காட்டினதும் தெரிஞ்சுக்கிட்டேன். எதுக்காக இப்படி ஒரு கதை கட்டினார்னுதான் தெரியல. கேட்கலாம்னா அவரும் இல்ல. சரி, ஓட வச்சுக் குடுங்க, அப்பா கைபட்ட இடத்த மட்டும் தொடாதீங்கன்னு அருள்கிட்ட சொன்னேன். யாருக்கும் தெரிய வேண்டாம்னும் கேட்டுக்கிட்டேன்."

"எனக்குமா?"

வேட் துப்பாக்கியை மேஜையில் வைத்தார். "வீட்டுல சொல்லலாமான்னு அவர் கேட்கல. நானும் சொல்லல."

ரோட்டைக் கடந்து வந்தபோது கால் தரையில் பாவவில்லை. ஷீபாவிடம் சொன்னேன். "ஐ நியூ இட்!" என்று கத்தினாள். அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதோம்.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தானே? படுகிறேன். ஆனால் தட்டு கழுவும்போது திடீரென்று கோபம் வருகிறது. வேட்டுக்குக் கொடுத்த வார்த்தைக்காகத்தான் வாய் திறக்கவில்லையா? இல்லை, வேலை போன பிறகு என்னிடம் எதையும் சொல்கிற வழக்கமே உங்களுக்குப் போய்விட்டதா? அத்தனை மாதம் சுவருக்கு அந்தப் பக்கம் நீங்கள், இந்தப் பக்கம் நான். நெஞ்சு வலித்ததையும் இப்படித்தான் வைத்துக்கொண்டீர்களா? இதை நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

ஒரு செய்தி சொல்லி முடிக்கிறேன். நான் ஸ்பிரிங் செய்து போட்டதைக் கேள்விப்பட்ட அந்தத் துப்பாக்கிக் கடைக்காரர் அனுப்பினார் என்று நேற்று ஒருவர் ஷூ பெட்டியோடு வந்தார். மனைவியின் மாமா வீட்டில் கிடைத்த பழைய ரிவால்வராம். போரில் சுட்டதாம். வாங்கி, நெம்புகோலை இறக்கிப் பார்த்தேன். நட்சத்திரம் கண்ணை முழித்துக்கொண்டு நின்றது. எனக்கும் தாகம் எடுத்துவிட்டது, போங்கள்.

தண்ணீர் குடித்துவிட்டு, அது நகல் என்று அவரிடம் சொன்னேன். இனி யார் கொண்டுவந்தாலும் அன்றைக்கே சொல்லிவிடுவேன், நீங்கள் சொன்ன மாதிரி. கராஜ் விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குள் வந்ததும் ஷீபாவிடமும் சொல்லுவேன், நீங்கள் என்னிடம் மறைத்த மாதிரி இல்லாமல். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

கோபம் தீராத, உங்களையே நினைத்திருக்கும்
உங்கள் வீட்டுக்காரி,
எஸ்தர்