கிரேன் காலைகளுக்கு ஒரு பெட்டி

மார்ச் 3, திங்கள்

இன்றும் என் வீட்டுக்காரர் ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தார். நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி. இங்கிருந்து கீழே பார்த்தால்கூடத் தலை சுற்றுகிறதாம். பன்னிரண்டு வருடம் டவர் கிரேன் உச்சியில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து கட்டடம் எழுப்பிய மனிதர்! உள்காதில் கோளாறு, இனி ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லி இரண்டு மாதம் ஆகிறது.

கம்பெனி கீழே வேலை தருகிறது. ரேடியோவைப் பிடித்துக்கொண்டு மேலே இருப்பவருக்கு 'இறக்கு, நிறுத்து' என்று சைகை காட்டும் வேலை. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். "கீழ நின்னு அண்ணாந்து பாத்துக்கிட்டு இருக்கச் சொல்றியா?" என்றார். சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். இப்படியே சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தே போய்விடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

மார்ச் 5

இழுப்பறையைத் துழாவும்போது அவருடைய பழைய ஹார்டு டிஸ்க் கிடைத்தது. வேலை தொடங்கும் முன் கூண்டிலிருந்து எடுத்த வீடியோக்கள் அதில்தான் இருக்கின்றன. என்ன எடுக்கிறீர்கள் என்று கேட்டால், "வெறும் வானம்" என்பார். லேப்டாப்பில் செருகினேன். டிக், டிக் என்று ஒரு சத்தம்.

கொழுந்தன் காதை வைத்துக் கேட்டான். பேக்கரியில் வேலை, எங்களோடுதான் இருக்கிறான். "அண்ணி, இது போய்ச்சேர நாள் பாத்துட்டு இருக்கு. சீக்கிரம் வேற எதுலயாவது மாத்துங்க."

ஹாலில் பெரிதாகப் போட்டால் இவர் எழுந்து வந்து பார்ப்பாரா? ஆனால் எங்கள் டிவிக்கு எதுவும் தெரியாது, ஒயர் சொருகினால் படம் காட்டும், அவ்வளவுதான். "டிவி மக்குதான் அண்ணி. நான் வீடியோ கேம் ஆடுற பெட்டி மக்கு இல்ல" என்றான். வைஃபை பெட்டியோடு இணைக்கிற மாதிரி ஒரு ஸ்டோரேஜ் பெட்டி வருகிறதாம். வீடியோவை அதில் போட்டுவிட்டால் அவனுடைய கேம் பெட்டி வழியாக டிவியில் ஓடுமாம். வாங்கிவிட வேண்டியதுதான்.

மார்ச் 8, சனி

கடையில் நின்று நின்று கால் கடுத்துவிட்டது. கடைக்காரப் பெண் பொறுமைசாலி. சின்னப் பெட்டி ஒன்று, பெரியது ஒன்று.

"சின்னது குடோன் மாதிரிங்க. வச்சதை வச்சபடி தரும். உங்க வீடியோ பழைய வகை, கேம் பெட்டி முழிக்கும். பெரியது சமையல்காரர் மாதிரி, கேம் பெட்டிக்கு எது செரிக்குமோ அப்படி மாத்திக் குடுக்கும்."

பெரியதில் இரண்டு டிஸ்க் போடலாம். இரண்டிலும் ஒன்றுபோலவே எழுதுமாம், ஒன்று செத்தாலும் இன்னொன்று காப்பாற்றுமாம். எனக்கு உடனே புரிந்துவிட்டது. மருத்துவமனை சலவைப் பிரிவில் இத்தனை வருடமாக நான் செய்வதும் அதுதானே. படுக்கையில் ஒரு செட், அலமாரியில் ஒரு செட். "பெரியதையே போடுங்க" என்றேன். கொழுந்தன் வாயைப் பிளந்தான். எனக்கும் கொஞ்சம் பெருமைதான்.

மார்ச் 9

காலையிலிருந்து வீடியோக்கள் பெட்டிக்கு ஏறிக்கொண்டிருக்கின்றன. கர்ரென்று சத்தம் போடுகிறதே, அவர் தூக்கம் கெடுமே என்று நாலாய் மடித்த துண்டைப் போட்டு மூடினேன்.

"ஐயோ அண்ணி! அது என்ன பச்சப்புள்ளையா, போத்தி விடுறீங்க? வெந்து போயிடும்!"

மார்ச் 10

எல்லாம் ஏறிவிட்டது. சாயங்காலம் பழைய டிஸ்க்கை மறுபடி செருகிப் பார்த்தோம். டிக் சத்தம்கூட இல்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

மார்ச் 11

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

சாயங்காலம் ஆறு மணிக்குக் கேம் பெட்டியைப் போட்டோம். ஸ்டோரேஜ் பெட்டி தானாகவே எல்லாவற்றையும் சினிமா என்று நினைத்து, ஒரு மழை வீடியோவுக்கு ஏதோ பேய்ப்படத்தின் போஸ்டரை ஒட்டி வைத்திருந்தது. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அதைத்தான் முதலில் திறந்தோம்.

அடேயப்பா.

மழை என்றால் நனைவது, சேறு, காயாத துணி. எனக்குத் தெரிந்த மழை இவ்வளவுதான். இது வேறு. தூரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு சுவர் நிற்கிறது. அது நடந்து வருகிறது! ஒரு தெருவை விழுங்குகிறது, அடுத்த தெருவை விழுங்குகிறது. கேமரா இருக்கும் இடத்தில் இன்னும் வெயில். அது வந்து கண்ணாடியில் அறைந்தபோது நான் சோபாவில் பின்னுக்குச் சாய்ந்தேன்.

அப்புறம் ஒன்று. சூரியன் எழும்போது கிரேனின் நிழல் ஊர்மேல் விழுகிறது. ஆறு, பாலம், நான் தினமும் பஸ்ஸுக்கு நிற்கும் நிறுத்தம் வரை ஒரே கோடாக நீண்டு கிடக்கிறது. அந்த நிழலுக்குள் நான் எத்தனை நாள் நின்றிருப்பேன்? ஒன்றில் பருந்துகள் பறக்கின்றன, அவற்றின் முதுகு தெரிகிறது. பருந்தின் முதுகை நான் பார்த்ததே இல்லை. இந்த மனுஷன் தினமும் இதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, "இன்னைக்குக் காத்து அதிகம்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாரே! உப்பு குறைவு என்று சொல்ல வாய் இருந்தது, இதைச் சொல்ல இல்லையா?

திரும்பினால் அறை வாசலில் நிற்கிறார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. நான் கேம் பெட்டியின் கன்ட்ரோலரோடு மல்லுக்கட்டுவதைப் பொறுக்க முடியாமல் வந்து வாங்கிக்கொண்டார். அதில் இரண்டு கட்டைவிரல் குச்சிகள். கிரேனிலும் இரண்டு குச்சிதான். இடது கை சுழற்ற, வலது கை தூக்க. அவர் விரல்கள் குச்சிகளைத் தொட்ட விதத்தைப் பார்த்துக் கொழுந்தன் சமையலறைக்குப் போய்விட்டான்.

மார்ச் 13

இன்றும் பார்த்தார். கீழே குனிகிற காட்சி வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறார். ஆனால் பார்க்கிறார்.

மார்ச் 14, வெள்ளி

சில வீடியோக்களில் ஒன்றுமே இல்லை. நாற்பது நிமிடம் வெறும் வெள்ளை. அவருக்கு நல்லதாக மட்டும் இருக்கட்டும் என்று அப்படிப்பட்ட ஒரு தொகுப்பையே அழித்துவிட்டேன். படுக்கை செட்டில்தானே கழிக்கிறோம், அலமாரி செட் அப்படியே இருக்கும். அழித்தவை போய் விழும் குப்பைத் தொட்டியையும் காலி செய்யவா என்று பெட்டி கேட்டது. நிறைந்த தொட்டியை நான் என்றைக்கு விட்டுவைத்தேன்? செய்துவிட்டேன்.

மார்ச் 15

சாப்பிடும்போது அவராகவே கேட்டார். இரண்டு மாதத்தில் அவராக எதையாவது கேட்டது இதுதான் முதல் முறை.

"அந்தப் பனி நாள் எங்க? தேடித் தேடிப் பாத்தேன். ஒரே வெள்ளையா இருக்குமே."

சாப்பாட்டை அப்படியே விட்டு எழுந்தேன். கொழுந்தனைத் தனியே இழுத்துப்போய், இரண்டாவது டிஸ்க்கைத் திற என்றேன். அவன் முகம் மாறிவிட்டது. "அலமாரி இல்ல அண்ணி, அது கண்ணாடி. இங்க அழிச்சா அங்கயும் அந்த நிமிஷமே அழியும்." பழைய டிஸ்க் செத்தாயிற்று. தொட்டியையும் நானே காலி செய்தாயிற்று. ஏண்டி, உனக்கு ஏன் இந்த வேலை? எல்லாவற்றையும் சுத்தம் பண்ணு, சுத்தம் பண்ணு!

மார்ச் 16, ஞாயிறு

சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. டிவியை அணைத்தார். கன்ட்ரோலரைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். அப்புறம் பேசினார். கல்யாணமானதிலிருந்து இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் அவர் பேசி நான் கேட்டதில்லை.

"அன்னைக்குக் கேமராவ நிறுத்த மறந்துட்டேன். கம்பிக் கட்டு கொக்கியில தொங்குது. பனி கீழருந்து ஏறுது. மொதல்ல ஆத்தக் காணோம், அப்புறம் தெருவக் காணோம், அப்புறம் என் கொக்கியையே காணோம். மேல பாத்தா நீலம். வெயில். கீழ பூரா வெள்ளை, தகதகன்னு. இந்த உலகத்துலயே நான் ஒருத்தன்தான் இருக்கேன்னு தோணிச்சு. பயமே வரல. கையெடுத்துக் கும்பிடணும்போல இருந்துச்சு."

மூடிய கண்களோடு இடது குச்சியை ஒரு நூல் அளவு தள்ளினார்.

"ஆனா லோடு தொங்குதே. அதுக்கு அடியில எட்டுப் பேர் நிக்கிறாங்க. அப்ப ரேடியோல, கீழ நின்னு சைகை காட்டுற பெரியவரு குரல். 'நான் இருக்கேன். மெதுவா. இன்னும் மெதுவா. நில்லு.' நாப்பது நிமிஷம் அந்தக் குரலைப் பிடிச்சுக்கிட்டுத்தான் எறக்கினேன்."

வெள்ளைதான் என்று நான் அழித்தது இதைத்தான்.

"அவர் இல்லன்னா என்னங்க ஆயிருக்கும்?" என்றேன்.

கன்ட்ரோலரை மெதுவாக மேஜைமேல் வைத்தார்.

மார்ச் 21

ஜன்னல் திரை ஒரு முழம் விலகியிருக்கிறது. நான் விலக்கவில்லை.

மார்ச் 29

"என் சேஃப்டி ஷூ எங்க வச்ச?" என்று கேட்டார். துடைத்து வைத்திருந்தேன், எடுத்துக் கொடுத்தேன். கம்பெனிக்குப் பதில் சொல்ல இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.

ஏப்ரல் 6

புது டிஸ்க் ஒன்றில் எல்லாவற்றையும் பிரதி எடுத்து, சலவைப் பிரிவில் என் லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டேன். இதுதான் அலமாரி செட். இப்போதுதான் எனக்கு உண்மையிலேயே புரிந்திருக்கிறது.

ஏப்ரல் 19, சனி

பெட்டியில் இன்று புதிதாக ஒரு வீடியோ. கூண்டில் இப்போது உட்காருவது ஒரு சின்னப் பொண்ணு. அவள் எடுத்து அனுப்பியதை இவர்தான் நேற்று ராத்திரி ஏற்றி வைத்திருக்கிறார். போஸ்டராக ஏதோ காதல் படம் ஒட்டியிருக்கிறது. கொழுந்தன் விடுவானா, காலையில் இவர் கிளம்பும்போதே "அண்ணே, இந்த வயசுலயா?" என்று ஓட்டித் தள்ளிவிட்டான்.

நேர் கீழே பார்க்கும் காட்சி. தலை கிறுகிறுக்கிற உயரம். அடியில் மண், கம்பி, எறும்பு அளவில் ஆட்கள். நடுவில் மஞ்சள் ஹெல்மெட் ஒன்று, ஒரு கை மேலே தூக்கியிருக்கிறது. நிற்கிற நிற்பிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பன்னிரண்டு வருட வீடியோக்களில் ஒன்றில்கூட இவர் இல்லை. இதில் இருக்கிறார். அந்தக் கை மெல்ல இறங்குகிறது, அதோடு அவ்வளவு பெரிய இரும்பும் மெல்ல இறங்குகிறது. நாலு தடவை போட்டுப் பார்த்தேன்.

ஏழு மணிக்கு வந்தார். ஷூவைக் கழற்றினார். எப்படி இருந்தது என்றேன்.

"காத்து அதிகம்" என்றார். கைகழுவப் போனவர் நின்று திரும்பினார். "சாப்பிட்டுச் சொல்றேன். நெறைய இருக்கு."