நீ வேண்டாம் என்று சொன்ன என் சீட்

ஆசை அப்பாவுக்கு,

பழக்கதோஷத்தில் 'ஆசை' என்று எழுதிவிட்டேன். அடித்துவிடலாம் என்று பேனாவைக் கொண்டுபோனேன், மனசு வரவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் இது கொஞ்சிப் பேசுகிற கடிதம் இல்லை, முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

நீ போன பிறகு திருநின்றவூரில் உன்னைப் பற்றி ஒருவர் வாயிலிருந்தும் குறை வரவில்லை. சங்கிலியைப் பறிகொடுத்த கோடி வீட்டு அம்மாவோடு போலீஸ் ஸ்டேஷனுக்கு அலைந்தது, பாடல் குழுவில் சுதி தப்பினாலும் சத்தமாகப் பாடியது, எல்லாவற்றையும் சொல்லிச் சொல்லி அழுதார்கள். நானும் அழுதேன். முப்பதாம் நாள் பூசை வரைக்கும் எனக்கும் நீ தப்பே செய்யத் தெரியாத மனுஷன்தான்.

பூசை முடிந்து மாதா கோயில் ஹாலில் சாப்பாடு. அம்பத்தூர் எஸ்டேட்டில் உன்னோடு ஒரே ஷிப்டில் வேலை பார்த்த தாஸ் மாமா என் பக்கத்தில் உட்கார்ந்தார். எனக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்திருப்பார், பாவம்.

"உங்கப்பனுக்கு உம்மேல உசுரும்மா. இல்லாங்காட்டி கைக்கு வந்த சீட்ட எவனாச்சும் வேணாம்பானா? பிரவுசிங் சென்டர்ல நான் பக்கத்துலதான் நின்னுகினு இருந்தேன். 'பொண்ண அனுப்பிட்டு என்னால இருக்க முடியாதுடா தாஸு'ன்னு சொல்லிக்கினே வேணாம்ன்ற பட்டன அமுக்கிட்டான்."

"எந்த சீட்டு மாமா?" என்றேன்.

அவர் கை பிரியாணியிலேயே நின்றுவிட்டது. "உனுக்குத் தெரியும்னு நெனச்சேன்மா," என்றார். அதற்கப்புறம் தலையைத் தூக்கவே இல்லை.

எந்த சீட் என்று உனக்குத் தெரியுமே. பிளஸ் டூ முடித்ததும் எனக்கு இரண்டு இடம் கிடைத்தது. ஒன்று தேனிப் பக்கம் தோட்டக்கலைக் கல்லூரி, ஹாஸ்டலில் தங்கிப் படிக்க வேண்டும். இன்னொன்று பூந்தமல்லி தாண்டி ஒரு இன்ஜினியரிங் காலேஜ். மொட்டை மாடியில் கிழிந்த சிமெண்டுப் பையில் எல்லாம் செடி வைத்துக்கொண்டிருந்த எனக்கு எது வேண்டும் என்று யாரும் கேட்கத் தேவையில்லை. நீயும் கேட்கவில்லை. "தேனிதான், போய்ட்டு வா கண்ணு," என்று சொல்லிவிட்டு, ஆவடி மார்க்கெட்டில் பக்கெட்டும் பூட்டும் வாங்கிக்கொண்டு வந்தாய். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்த எல்லாரிடமும் என் பெண் தேனிக்குப் போகிறாள் என்று நீயேதான் சொன்னாய்.

சரி என்று ஆன்லைனில் ஒப்புதல் கொடுக்க வேண்டியது மட்டும்தான் பாக்கி. பதிவு செய்தது உன் போன் நம்பரில் என்பதால் நீயே ஸ்டேஷன் பக்கத்து பிரவுசிங் சென்டருக்குப் போனாய். திரும்பி வந்தபோது உன் முகம் தொங்கிப்போயிருந்தது. "கடைசி நேரத்துல லிஸ்ட்ல மாத்திட்டாங்களாம்மா. சீட்டு போயிடுச்சு," என்றாய்.

நான் உன் தோளில் சாய்ந்து அழுதேன், அப்பா. என் சீட்டைப் பறித்தவர் தோளிலேயே சாய்ந்து, அவர் சட்டை நனைய நனைய அழுதேன். நீ என் தலையைத் தடவிக்கொண்டே, மாதா வேறு ஏதாவது வழி வைத்திருப்பார்கள் என்றாய். அந்த நேரத்தில் உனக்கு எப்படி இருந்தது? ஒரு வார்த்தை தொண்டை வரைக்கும்கூட வரவில்லையா?

அப்புறம் இன்ஜினியரிங். நம் பக்கத்தில் காலேஜைப் பார்த்தா சேர்க்கிறார்கள், பஸ்ஸைப் பார்த்துத்தானே சேர்க்கிறார்கள். "தெருமுனைக்கே வண்டி வருது, வெயில்ல நிக்கக்கூட வேணாம்," என்று நீ எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னாய். காலையில் பஸ் ஏறுகிற வரைக்கும் கூடவே நின்று கையை ஆட்டுவாய். எனக்காக நிற்கிறாய் என்று நினைத்தேன். நான் எங்கேயும் போகவில்லை என்பதைத் தினமும் சரிபார்த்துக்கொண்டாய் என்று இப்போது தோன்றுகிறது. இப்படி நினைக்க வைத்துவிட்டாயே, அதுதான் எனக்கு ஆத்திரம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த சீட்டைக் காப்பாற்றித் தரவில்லை என்று இத்தனை வருஷமாக மாதாவோடு நான் சண்டை. ஜெபமாலை சொல்லும்போது உதடு மட்டும்தான் அசையும், மனசு முறைத்துக்கொண்டே இருக்கும். தாஸ் மாமா சொன்ன மறுநாள் கோயில் வாசலில் மாதா நிற்கிற கெபிக்குப் போய், "உங்க மேல ஒண்ணும் இல்லம்மா, எங்கப்பா வேலை," என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அம்மாவிடம் கேட்டேன். அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "நான் அப்பவே வேணாம்னுதான் சொன்னேன். அவர் கேக்கல," என்றாள். ஆக அவளுக்கும் தெரியும். வீட்டில் எனக்கும், அப்போது சின்னப் பிள்ளையாக இருந்த ஜெனிக்கும்தான் தெரியாது.

ஜெனி விஷயத்துக்கு வருகிறேன். இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். உன் சின்ன மகளுக்கும் இப்போது இரண்டு இடம் வந்திருக்கிறது. ஐதராபாத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் மொழியியல், அவள் தலைகீழாக நின்று கேட்டது. இங்கே ரயிலில் போய்வருகிற தூரத்தில் ஒரு காலேஜில் பி.காம். முதலில் ஐதராபாத் என்று குதித்தாள். போன வாரம் சாப்பிடும்போது திடீரென்று, "நான் இங்கியே படிக்கிறேன்க்கா. அப்பாவும் இல்ல. அம்மாவையும் உன்னையும் வுட்டுட்டு எப்படிப் போறது?" என்றாள்.

எனக்கு உடனே என்ன தோன்றியது தெரியுமா? அப்பாடா என்றிருந்தது. நீ போன பிறகு வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையவே பயமாக இருக்கிறது, அவள் சத்தம் இருந்தால்தான் செருப்பைக் கழற்றுகிறேன். 'ஆமாம், இங்கேயே இரு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேலை முடிந்தது. உன்னைப் போல் நான் பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. எவ்வளவு சுலபம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. புரிந்ததால் உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிரவுசிங் சென்டர், தாஸ் மாமா, நான் அழுதது. "அப்பா அப்படிப் பண்ணவே மாட்டாரு, நீ சும்மா சொல்ற," என்று என்மேல் பாய்ந்தாள். அம்மா நடுவில் வந்து, "உண்மைதான்டி," என்றதும் எழுந்து உள்ளே போய்விட்டாள். இரண்டு நாள் என்னையும் பார்க்கவில்லை, உன் படத்தையும் பார்க்கவில்லை. அவளுக்கு நீ சாமி. அந்தச் சாமியை நான்தான் இறக்கிவைத்தேன். அது எனக்குச் சந்தோஷமாக இல்லை.

அப்புறம் மாடியில் துணி எடுக்கும்போது வந்து நின்றாள்.

"அக்கா, நான் போனா நீ என்ன பண்ணுவ?"

"கஷ்டமாத்தான் இருக்கும். அழுவேன். அதுக்காக நீ இருக்க வேணாம். இருக்கணும்னு உனக்கே தோணுச்சுன்னா இரு."

கொஞ்ச நேரம் கிளிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். "அப்பா அன்னைக்கு உன்கிட்டயே கேட்டிருந்தா? என்னால முடியல, போகாதம்மான்னு சொல்லியிருந்தா?"

யோசிக்கக்கூட இல்லை, அப்பா. "இருந்திருப்பேன்டி," என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. தோட்டக்கலை, தேனி, ஹாஸ்டல் எல்லாவற்றையும் நானே தூக்கிப் போட்டுவிட்டு உன்னோடு இருந்திருப்பேன். முகத்தைக் கொஞ்ச நாள் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன், அவ்வளவுதான். அது உனக்கு நான் கொடுத்ததாக இருந்திருக்கும். நான் கொடுத்திருக்கக்கூடியதை ஏன் திருடினாய்?

நேற்று ஜெனி ஐதராபாத்துக்குச் சரி சொல்லிவிட்டாள். அவளேதான் சொன்னாள். நான் பக்கத்தில்கூட நிற்கவில்லை. அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே ஊறுகாய்க்கு மாங்காய் வெட்டுகிறாள்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அவளை ரயிலேற்ற நான்தான் போவேன். வண்டி கிளம்பும்போது கண்ணில் தூசி விழுந்தது, வெயில் கூசுகிறது என்று சாக்குச் சொல்ல மாட்டேன். 'நீ இல்லாமல் எனக்கு முடியாதுடி' என்று அவளிடமே சொல்லுவேன், அவள் முகத்தைப் பார்த்தே அழுவேன். அதையும் தெரிந்துகொண்டு அவள் போகட்டும்.

கேட்டிருந்தால் உன்னோடேயே இருந்திருக்கும்
உன் மூத்த மகள்
ஸ்டெல்லா