அந்த மனுசனை எழுப்புங்கோ

இஞ்சருங்கோ,

புட்டும் மீன்சொதியும் குசினியில மூடி வைச்சிருக்கிறன். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு அக்காவோட சல்லி அம்மன் கோயிலுக்குப் போறன். பொழுதுபட முன்னம் வந்திடுவம். கேஸ் சிலிண்டர் கொண்டு வாறவரை நாளைக்கு வரச் சொல்லிப்போட்டன். பெல் அடிச்சு உங்களை எழுப்பிப்போடுவார்.

முந்தநாள் சட்டி மூடி விழுந்ததுக்கு நீங்கள் கத்தினது இன்னும் காதில நிக்குது. இரவு முழுக்கத் துறைமுகத்தில வேலைக்கு நிண்டுபோட்டு வாறனீங்கள், நித்திரை வேணும், விளங்குது. ஆனால் பகல் முழுக்க இந்த ரெண்டு அறைக்குள்ள நானும் பிள்ளையும் மூச்சை அடக்கிக்கொண்டு திரியிறம்.

ஒண்டு சொல்லவேணும். உங்களுக்குப் பிடிச்ச அந்தப் படப்பாட்டு, நாட்டார் மெட்டில தொடங்கி ராகத்துக்குள்ள ஏறுமே, அதுக்குக் கீழ யூடியூப்பில சனம் சண்டை பிடிக்குது. ராகம் மெட்டைக் கெடுத்துப்போட்டுதாம். இல்லை, தூக்கி விட்டுதாம். நானும் வேற பேரில எழுதினனான்: "இந்த உடுக்குச் சத்தம் நெஞ்சில அடிக்கவேணும். எங்கட வீட்டில ஒரு மனுசன் படுத்திருக்கிறார். ஒரு காதிலதான் கேக்கிறன். மற்றக் காது அவர் கூப்பிட்டால் கேக்கிறதுக்கு."

அதுக்கு நீங்கள், உங்கட சொந்தப் பேரில, பதில் போட்டிருக்கிறீங்கள்: "பாவம் தங்கச்சி. அந்த மனுசனை எழுப்பிப்போட்டுச் சத்தமாய்க் கேளுங்கோ."

நேற்று முழுக்க அதைத்தான் திரும்பத் திரும்ப வாசிச்சனான்.

கௌசிகா

இன்னொண்டு: வாசல் பூட்டுத் திறப்பு அலுமாரிக்கு மேல இருக்கு. எழுப்பத்தான் அறை வாசல் வரைக்கும் வந்தனான். பிறகு சத்தம் வராமல் கதவைச் சாத்திப்போட்டன். கை பழகிப்போச்சு.