வெள்ளைச் சட்டை போட்ட நகைத் திருடன்

கூட்டாளியாக வந்து மச்சானான என் செல்வராசுக்கு,

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். எட்டாம் வகுப்போடு நின்ற கை. இன்றைக்குச் சந்தோஷத்தில் அவசரமாக வேறு ஓடுகிறது. நம்ம நீலக்கல் நாதன் திரும்பி வாறான்டா!

நீ வரைந்து, நான் வசனம் எழுதி, புசல்லாவை பஸ்ஸில் இரண்டு பேரும் கூவி விற்ற அதே படக்கதைத் திருடன்தான். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளைகள் சிலர் பழைய இதழ்களைத் தேடிப் பிடித்து ஒரே புத்தகமாகப் போடுகிறார்கள். நீ முடிக்காமல் விட்ட கடைசிக் கதையை வரைவது யார் தெரியுமா? உன் மருமகள், என் மகள் கவிதா!

அந்தக் கதை உனக்கு மறந்திருக்காது. தோட்டத்துத் துரை பெண்சாதி, அந்தத் துரைசானியின் நீலக்கல் மாலையோடு நாதன் பங்களாக் கூரையில் நிற்கிறான். கீழே தொப்பை இன்ஸ்பெக்டர். என்னைப் பார்த்துத்தானே அவரை வரைந்தாய்? அன்றைக்குத் தொப்பை உன் கற்பனை. இன்றைக்கு நிஜமாகவே வந்துவிட்டது. நாதன் தப்பினானா என்று சொல்லாமலே போய்விட்டாய். அந்த நெஞ்சுவலிக்குக் கொஞ்சம் பொறுக்கத் தெரியாதா?

போன ஞாயிற்றுக்கிழமை கவிதா முதல் படத்தைக் காட்டினாள். நாதனுக்குக் கறுப்புச் சட்டை, கறுப்பு முகமூடி! யாரோ அந்நியன் வீட்டுக்குள் புகுந்த மாதிரி இருந்தது எனக்கு.

"இது யாரும்மா? நாதன் வெள்ளைச் சட்டைதான் போடுவான்."

"ராத்திரி திருடப் போறவன் வெள்ளை போடுவானாப்பா? ஊரே பாத்துருமே!"

விளக்கிச் சொன்னேன். மெழுகுத்தாளை ஊசியால் கீறி, ரோணியோ மெஷினில் சுற்றி அச்சடித்த காலம் அது. கறுப்பு நிரப்பப் போனால் தாள் கிழிந்து மை அப்பிவிடும். அதனால் நாதனுக்கு வெள்ளைச் சட்டை. வானமும் வெள்ளை. மூலையில் ஒரு நிலாவைக் கீறிவிட்டால் அதுதான் ராத்திரி.

குசினியில் தேங்காய் துருவிய உன் தங்கச்சி சும்மா இருப்பாளா? "அம்புட்டு வெள்ளையா நின்னும் இந்த இன்ஸ்பெக்டர் புடிக்கலையே! கண்ணு அவிஞ்சா போச்சு?"

கவிதா சிரிக்கவில்லை. பழைய இதழ்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். "அப்பா, இன்ஸ்பெக்டருக்கு எப்பவுமே தெரிஞ்சிருக்கு. புடிக்கத்தான் மனசு வரல."

நானும் இதழ்களை வாங்கிப் பார்த்தேன், மச்சான். நீ அப்படி நினைத்துத்தான் வரைந்தாயா? இல்லை, அந்த ஓட்டை மெஷின் தானாகவே சொன்ன கதையா?

அங்கேயே உட்கார்ந்து புதிதாக வரைந்தாள். கூரையில் பளீரென்று வெள்ளையாக நாதன். இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து நன்றாகப் பார்க்கிறார். பிறகு டோர்ச்சை அணைத்துவிட்டு, "இங்க ஒருத்தனும் இல்ல, வாங்க போவோம்" என்கிறார். நாதனுக்கு யார் முகம்? உன் முகம்! உன்னைப் போட்டோவில் மட்டுமே பார்த்த பிள்ளை வரைந்தது.

புத்தகம் வந்ததும் நானே புசல்லாவை பஸ்ஸில் ஏறிக் கூவுவேன். தொப்பையைப் பார்த்தே சனம் வாங்கும். நீ அங்கேயும் வெள்ளைச் சட்டையோடு நில்லு, நான் வரும்போது தூரத்திலேயே தெரியட்டும். பார்த்ததாக யாருக்கும் சொல்லமாட்டேன், சத்தியம்.

உன் தங்கச்சியைக் கட்டி, உன்னை மட்டும் தப்பவிட்ட
இன்ஸ்பெக்டர் மச்சான்,
அம்பிட்டிய.