மண்ணு இருமல்

3 பிப்ரவரி 2025, திங்கள்

செபாஸ்டியன் ஆகிய நான், ஐம்பது வயதுப் பொது மருத்துவன். இருமலுக்குத் தேவையின்றி ஆன்டிபயாடிக் எழுதுவதில்லை என்ற என் விதியை நானே கண்காணிக்க இக்குறிப்பைத் தொடங்குகிறேன்.

இன்று இருமல் பதினொருவர். ஆன்டிபயாடிக் யாருக்கும் இல்லை. அவர்களுள் செல்வநாயகி, முப்பத்தாறு வயது. பீங்கான் பட்டறையில் காய்ந்த பொம்மைகளை உப்புத்தாளால் தேய்ப்பவர். "ஆறு நாளா இருக்குது சார், காய்ச்சலும்." நெஞ்சில் ஒலி தெளிவு. மூன்று வாரத்தில் தானே அடங்கும் என்றேன். இரத்தம் வந்தால் உடனே வரச் சொன்னேன்.

8 பிப்ரவரி, சனி

செல்வநாயகி மீண்டும். "பதினொரு நாள்தானே ஆகிறது? ஊசி போட்டால்தான் வைத்தியமா, அம்மா?" என்றேன். சிரித்தார். "ஊசி போடாத டாக்டருன்னே உங்களுக்குப் பேரு சார்." மகிழ்ந்தேன். எடை பார்க்கவில்லை; அவசியம் தோன்றவில்லை.

13 பிப்ரவரி

இருமல் ஒன்பது. விதி மீறவில்லை.

20 பிப்ரவரி, வியாழன்

செல்வநாயகியின் முந்தானையில் இரத்தம். சளிப் பரிசோதனைக்கு அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். இதற்கு முன் இருமலே இல்லையா என்று இன்றுதான் கேட்டேன்.

"அது மண்ணு இருமல் சார். தீபாவளிக்கு முன்னருந்தே இருக்குது. பட்டறையில எல்லாருக்கும் இருக்கும், அத யாரு நோயின்னு சொல்லுவா?"

காய்ச்சல் வந்த நாளிலிருந்துதான் அவர் எண்ணியிருக்கிறார்; மாதக்கணக்கான இருமல் என்றிருந்தால் முதல் நாளே சளி பார்க்க அனுப்பியிருப்பேன். இந்த ஊரில் இருபது ஆண்டுகள் இருந்தும் எனக்கு இது தெரியாதா?

22 பிப்ரவரி, சனி

காசநோய் உறுதி. முடிவுத்தாளுடன் அவர் என்முன் அமர்ந்திருந்தபோதே அரசு மருத்துவமனை அலுவலர் தொலைபேசியில் அழைத்தார். முன்பே ஏன் கண்டறியவில்லை என்றார். "நோயாளி நாள்களைத் தவறாகச் சொல்லிவிட்டார்" என்றேன்.

எதிரே செல்வநாயகி தலையாட்டினார். "ஆமாங்க சார், என் தப்புதான்."

மறுக்கவில்லை நான். என்ன மனுஷன் நான்?

அவர் போனபின் செவிலியர் பானுமதி சொன்னார்: "நீங்க கேட்டதுக்குத்தான் டாக்டர் அவங்க பதில் சொன்னாங்க. அவங்க பொண்ணு இனியாவுக்கு நாலு வயசு. ஒரே பாயிலதான் படுக்கிறாங்களாம்."

மூன்றாம் தேதியே கேட்டிருந்தால் பதினேழு நாள் முந்தியிருக்கும். ஒரே பாயில்.

23 பிப்ரவரி, ஞாயிறு

பூசையில் நற்கருணைக்கு எல்லாரும் எழுந்தார்கள். நான் எழவில்லை.

நாளை காலை அந்த அலுவலரை அழைத்து, தவறு நோயாளியுடையதன்று, நான் கேட்கவில்லை என்பேன். பிறகு செல்வநாயகியின் வீட்டுக்குச் சென்று அவரிடமும் அதையே சொல்வேன். இனியாவைப் பரிசோதனைக்கு நானே உடனழைத்துச் செல்வேன். எத்தனை நாளாக இருமல் என்று இனி எவரிடமும் தொடங்க மாட்டேன். இருமலே இல்லாமல் கடைசியாக எப்போது இருந்தீர்கள் என்று கேட்டு, அந்த நாளை முதலில் எழுதுவேன்.