பத்தாம் மாதத்தோடு முடியும் நம்பர்

22.10.98 வியாழன்

விடிய மழை. பத்து மணிக்கு மேல் வெளித்தது. வாசலில் இருந்த மிளகாய்ச் செடிச் சாடிகளை உள்ளே எடுத்தேன். நாலு இருந்தன, இப்போது மூன்று. ஒன்றைப் பேப்பர்க்காரி சைக்கிளைச் சாத்தி உடைத்தவள். ஆடி மாதம். மன்னிப்புக் கேட்கவில்லை. எங்கள் கறி வாசத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு கீழ்வீட்டு ஜேர்மன்காரி வெபர் அம்மாவிடம் ஏதோ சொல்லிச் சிரித்தவளும் அவள்தான். நீலக் கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டு விடியப்புறம் வருவாள். யன்னலால் பார்ப்பேன். பார்த்துக்கொண்டே இருப்பேன்.

ம. தொலைபேசி எடுத்தாள். (என் மனுசனின் தங்கை. மச்சாள் என்று முழுதாக எழுதக் கை வராது. ம. போதும்.) இளையவன் ராஜனுக்கு 31ஆம் திகதி கலியாணமாம். பொம்பிளை வீடு இங்கே ஹம்மில், எங்களுக்குப் பக்கத்துத் தெரு. ம. ஆட்கள் டோட்முண்டில்.

"மச்சாள், சிவான்ரை பழங்கார் நிக்குதெல்லே, அதிலைதான் பொம்பிளை மாப்பிள்ளை போகவேணுமெண்டு ராஜன் ஒற்றைக்காலிலை நிக்கிறான்."

"கார் அவன்ரை. அவனைக் கேளும்."

"நீங்கள் சொன்னால்தானே அவன் கேப்பான்."

பொய். என் மகன் நான் சொல்லி எதைக் கேட்டான்?

சிவா ஷோனெஃபெல்டில் பிளேனால் இறங்கி, ஒரு பையோடு இவர்கள் வீட்டு வாசலுக்குப் போனவன். ஒரு நாள் படுக்க இடம் கேட்டான். "வீட்டுக்காரன் ஏசுவான் தம்பி" என்று ம. கதவைச் சாத்தினாள். பிள்ளை ஸ்டேசன் மரவாங்கில் படுத்தான். அவன் மறந்துவிட்டான். நான் ஏன் மறக்கவேண்டும்?

வாங்க: தேசிக்காய், கடலைமா, வசந்திக்குத் தலையிடிக் குளிசை.

23.10.98 வெள்ளி

மழை. கந்தசஷ்டி விரதம், ஒருநேரச் சாப்பாடு. பசியில் கோபம் கூடுகிறது.

கார் தர சிவா ஓம் என்றுவிட்டான்.

அந்தக் கார் அவன் வேலை செய்யும் கார் திருத்தும் இடத்தில் துருப்பிடித்துக் கிடந்தது. கறுப்புப் பென்ஸ், பின்பக்கம் மீன் செட்டை மாதிரி இரண்டு செட்டை. சனி ஞாயிறு எல்லாம் அதற்குக் கீழே படுத்துக் கிடந்து உயிர் கொடுத்தான். வசந்தி என் மருமகள், பொறுமைசாலி. அவளே ஒருநாள், "மாமி, இவர் அங்கை காருக்குக் கீழை படுத்தால் நான் இஞ்சை என்ன செய்ய?" என்றாள்.

வருசத்தில் நாலைந்து நாள் ஓடுகிற கார். அதனால் காப்புறுதியும் அதற்கேற்ற சின்னக் காப்புறுதி. பங்குனியில் காப்புறுதிக்காரர் வந்தார். இதே மேசையில் இருந்து என் உளுந்துவடையைத் தின்றபடி விரல் மடக்கினார். சிவா தமிழில் சொன்னான். எனக்கு ஜேர்மன் தெரியாது, ஆனால் அந்த விரல்கள் ஞாபகம்.

சின்னவிரல்: சிவாவும் வசந்தியும்தான் காரை ஓடலாம். வேறு ஆள் கூடாது.
மோதிரவிரல்: ஓடாதபோது பூட்டிய கராஜுக்குள் நிற்கவேண்டும்.
நடுவிரல்: வாடகைக்கு விடக்கூடாது.
சுட்டுவிரல்: நாலாம் மாதம் தொடக்கம் பத்தாம் மாதம் முடிய மட்டும். அதற்குப் பிறகு றோட்டில் ஓடவும் கூடாது, நிற்கவும் கூடாது.

நம்பர் தகட்டின் ஓரத்திலேயே அடித்திருக்கிறது. மேலே 04, கீழே 10. குழந்தைப்பிள்ளையும் வாசிக்கும்.

பெருவிரலைப் பிடித்துக்கொண்டு கடைசியாக ஏதோ சொன்னார். சிவாவைக் கேட்டேன்.

"என்னவாம்?"

"ஆரையும் அடிச்சுப்போட்டு இதிலை ஒண்டு பிழைச்சுதெண்டால் எல்லாம் என்ரை தலையிலையாம். வீடு வாசல் மிஞ்சாதாம். உங்கடை வடை நல்லாயிருக்காம்."

அன்றைக்கே வீட்டுக் கராஜ் பூட்டின் திறப்பை நான் வாங்கி இடுப்பில் செருகினேன். மற்றத் திறப்பைச் சிவா எங்கேயோ தொலைத்துவிட்டான். இருப்பது இது ஒன்றுதான்.

இன்றைக்குக் கேட்டேன். "முப்பத்தோராம் திகதி எண்டால் கடைசி நாளெல்லோ?"

"கடைசி நாளும் நாள்தானே அம்மா. நான்தான் ஓடுவன். காசு வாங்கேல்லை. முடிஞ்ச கையோடை கொண்டுவந்து பூட்டுவன். சும்மா யோசிக்காதேங்கோ."

இடுப்புத் திறப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். 

25.10.98 ஞாயிறு

மணிக்கூட்டைப் பின்னுக்குத் தள்ளியிருக்கிறார்கள். பின்னேரமே இருட்டு. இந்த நாட்டில் நேரத்தையும் திருடுவார்கள்.

ம. வந்தாள், கூட மூத்தவன் தயா. பெட்டி நிறைய லட்டு. விரதகாரிக்கு லட்டு! தெரிந்தே கொண்டுவந்தவள்.

காரைப் பார்க்கவேணுமென்றார்கள், கராஜைத் திறந்துவிட்டேன். தயா கேட்காமல் காருக்குள் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஹோர்ன் அடித்தான். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

"என்ன மாமி, குமர்ப்பிள்ளை மாதிரி உள்ளுக்குப் பூட்டி வச்சிருக்கிறியள்?"

"குமர்ப்பிள்ளையெண்டால் உன்னை எட்டிப் பாக்கவும் விட்டிருக்கமாட்டன். இறங்கு."

எல்லாரும் சிரித்தார்கள். சிவாவும். நான் சிரிக்கவில்லை. தயா சொந்தக் கார் இரண்டை மரத்தில் சாத்தியவன். இரண்டு தரமும் மரம் குறுக்கே வந்ததாகச் சொன்னவன்.

31.10.98 சனி

தூறல். இலை எல்லாம் றோட்டில் ஒட்டிக் கிடந்தது.

விடிய நானே காருக்கு முன்னால் சந்தனம் தடவி, மூன்று இடத்தில் குங்குமப் பொட்டு வைத்தேன். ம.வின் பிள்ளைக்காக இல்லை, என் பிள்ளை ஓடுகிறான். நாலு சில்லுக்கும் கீழே ஒவ்வொரு தேசிக்காய். மூன்று நசிந்தது. முன் வலதுபக்கச் சில்லின் தேசிக்காய் நழுவி உருண்டு றோட்டோரத் தண்ணிக் கானுக்குள் விழுந்தது.

"அம்மா, திருப்பி வைக்கவோ?" என்றான்.

"ஒருக்கால் போனது போனதுதான்."

ஏன் அப்படிச் சொன்னேன்? திருப்பி வைத்திருக்கலாம்.

கலியாணம் குறையில்லை. பொம்பிளை நல்ல வடிவு, சின்னப்பிள்ளை, சுகந்தி என்று பெயர். காலில் விழுந்து கும்பிட்டபோது கை குளிர்ந்து கிடந்தது. கத்தரிக்காய்க் கறியில் உப்புக் கூட. ம. என்னை மூன்றாம் பந்தியில் இருத்தினாள். எழுதிவைக்கிறேன், மூன்றாம் பந்தி.

சாப்பிட்டு வெளியே வந்தால் காரைக் காணோம். சிவா பியர்க் கிளாஸோடு நிற்கிறான்.

"கார் எங்கை?"

"தயா பொம்பிளை மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு டோட்முண்ட் போயிட்டான். நான் குடிச்சிட்டனெல்லே அம்மா. குடிச்சுப்போட்டு ஓடுறது பிழை."

சின்னவிரல் போயிற்று.

1.11.98 ஞாயிறு

புகார், எங்கும் பனிமூட்டம். ஜேர்மன்காரர் செத்தவர்களைக் கும்பிடும் நாள். சுடலைப் பக்கம் சிவப்புக் கண்ணாடிக்குள் விளக்குகள், வரிசை வரிசையாக. பஸ்ஸிலிருந்து பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

கராஜ் வெறுமை. நிலத்தில் எண்ணெய்ப் பொட்டு மட்டும்.

சிவா தொலைபேசி எடுத்தான். ம.வின் குரல் எனக்கே கேட்டது.

"பொம்பிளை எந்தக் காரிலை போனதோ அந்தக் காரிலைதான் தம்பி நாலாஞ்சடங்குக்குத் தாய் வீட்டை வரவேணும். வேறை காரிலை வந்தால் சனம் என்ன கதைக்கும்? செவ்வாய்க்கிழமை மட்டும் நிக்கட்டும்."

"மாமி, நேற்றோடை நம்பர் முடிஞ்சுது. றோட்டிலை நிக்கவே கூடாது."

"மதிலோடை ஒதுக்கித்தான் விட்டிருக்கிறம். ஆர் பாக்கிறது?"

நான் ரிசீவரைப் பறித்தேன். "மச்சாள், உது சடங்குக் கார் இல்லை. அவன்ரை சீவியம்."

"ஐயோ மச்சாள், நீங்கள் எப்பவும் எங்கடை நல்ல காரியத்திலை குறுக்கை நிக்கிறனியள்."

வைத்துவிட்டாள்.

2.11.98 திங்கள்

மழை இல்லை. காய்ந்த குளிர், கண்ணாடி மாதிரி வானம்.

சிவா சாப்பிடவில்லை. மேசையில் இருந்து யோசிக்கிறான்.

"இப்ப நான் போய் எடுத்து ஓடிக்கொண்டு வந்தாலும் பிழை. அங்கை நிண்டாலும் பிழை. சனிக்கிழமை வேலையிடத்து வண்டியிலை ஏத்திக்கொண்டு வரலாம். அதுவரைக்கும் அசைக்கவேண்டாமெண்டு தயாவுக்குச் சொல்லிப்போட்டன்."

"கேட்டவனோ?"

"ஓம் எண்டவன்."

தயாவின் ஓம் எனக்குத் தெரியும்.

3.11.98 செவ்வாய்

மழை இல்லை. புல்லில் வெண்பனி. விடியற்காலை நல்ல புகார், எதிர்வீடு தெரியவில்லை.

பேப்பர் வரவில்லை. வெபர் அம்மா இரவுச்சட்டையோடு வாசலுக்கு வந்து வந்து பார்த்தாள். புகாருக்குள் எங்கேயோ அம்புலன்ஸ் சத்தம். சோம்பேறிப் பேப்பர்க்காரி, நித்திரையாய்ப் போயிருப்பாள் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததை எழுதாமல் விடக்கூடாது.

பின்னேரம், வந்தபிறகு எழுதுவது:

நாலாஞ்சடங்குக்குப் பொம்பிளை வீட்டுக்குப் போனேன். கார் வந்திருந்தது. வீட்டுக்குப் பின்னால், முகம் சுவரைப் பார்த்தபடி. பொலிஸ் பிடிக்கக்கூடாதென்று இருட்டோடு வெளிக்கிட்டு வந்தார்களாம். ம. அதைக் கெட்டித்தனமாகச் சொன்னாள். பிறகு சொன்னதற்காக நாக்கைக் கடித்தாள்.

ஆட்டிறைச்சி, கோழி, நண்டு, எல்லாம் கமகம என்றிருந்தது. சுகந்தி ஒரு பிடி அள்ளிக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

"சாப்பிடு பிள்ளை" என்றேன்.

"பசிக்கேல்லை மாமி." கண் முழுக்கத் தண்ணீர்.

"தாயைப் பிரிஞ்ச கவலை" என்றாள் ம. தாய் பக்கத்தில் நின்று அப்பளம் வைத்துக்கொண்டிருந்தாள்.

சிவாவும் தயாவும் பின்வளவில் நின்று கதைத்தார்கள். நான் போனதும் பேச்சு நின்றது. சிவாவின் முகம் சாம்பல்.

பொழுதுபட்டபிறகு இருவரும் காரைக் கொண்டுவந்தார்கள். நான் இறங்கிக் கராஜைத் திறந்துவிட்டேன். என்னை விளக்குப் போட விடவில்லை. பூட்டினேன். திறப்பு இடுப்பில்.

4.11.98 புதன்

மழை இல்லை. வெயில், சூடில்லாத வெயில்.

பேப்பரைப் புதுப் பெடியன் ஒருவன் போட்டான். வெபர் அம்மா என்னைக் கண்டதும் அழுதாள். கையால் சைக்கிள் ஓட்டிக் காட்டினாள், பிறகு கையைத் தரையில் அடித்தாள். வசந்தி வேலையால் வந்ததும் கூட்டிக்கொண்டுபோய் விளங்கப்படுத்தச் சொன்னேன்.

பேப்பர்க்காரியை நேற்று விடிய ஒரு கார் அடித்துவிட்டு நிற்காமல் போயிருக்கிறது. எங்கள் தெரு முனையில். தலையில் அடி. ஆஸ்பத்திரியில், கண் திறக்கவில்லை. இரண்டு பிள்ளைகளாம்.

பிள்ளைகள் இருப்பது எனக்குத் தெரியாது.

கராஜுக்குப் போனேன், தனியே. கதவை முழுக்கத் திறந்து வெயிலை உள்ளே விட்டேன்.

கார் பளபள என்று கிடந்தது. கழுவியிருக்கிறார்கள். சந்தனம் இல்லை, என் மூன்று பொட்டும் இல்லை. பூமாலையை அறுத்தெடுத்ததில் நூல் மட்டும் தொங்குகிறது. கலியாணக் காரின் பொட்டை எந்தத் தமிழன் சவர்க்காரம் போட்டுத் தேய்ப்பான்? முன் வலது லைற்றைச் சுற்றியிருந்த வெள்ளி வளையம் இல்லை. அந்த இடத்துத் தகரத்தில் நெளிவு. கீழே வெடிப்புக்குள் கம்பளி நூல், விரல் நீளம்.

நீலம்.

எடுக்கவில்லை. பூட்டிவிட்டு வந்தேன்.

தயாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். "எடேய், காரிலை வச்ச பொட்டு எங்கை?"

"அது மாமி... மழையிலை கழுவுப்பட்டுப் போச்சு."

"சனிக்கிழமைக்குப் பிறகு மழை இல்லை."

ரிசீவர் கைமாறும் சத்தம். பிறகு ம.வின் குரல், மெல்ல, தேன் மாதிரி.

"மச்சாள், உங்களுக்கு எல்லாத்தையும் ஞாபகம் வச்சிருக்கிற பழக்கம். இதை மட்டும் மறந்துபோடுங்கோ. உங்கடை மகனுக்காகத்தான் சொல்லுறன்."

5.11.98 வியாழன்

முகில். காற்று.

பொலிஸ் இரண்டு பேர், ஒருத்தி பெண். றோட்டில் ஒரு வெள்ளி வளையம் கிடந்ததாம், பழங்கார் ஒன்றினுடையது. பழங்கார் வைத்திருக்கிறவர்களின் வீடு வீடாக வருகிறார்கள். என் கையால் தேத்தண்ணி கொடுத்தேன். பொலிஸ்காரி நன்றி சொன்னாள்.

சிவா காரின் பத்திரத்தைக் காட்டினான். 04, 10. சிரித்துச் சிரித்துக் கதைத்தான். அவர்கள் போனபிறகு வசந்தி உள்ளறையிலிருந்து வந்து கேட்டாள்:

"என்னப்பா சொன்னனீங்கள்?"

"நம்பர் பத்தாம் மாசத்தோடை முடிஞ்சுது, அது மூண்டாந்திகதி ஓடியிருக்க ஏலாதெண்டன். நம்பினவை. ஆனால் முறைக்காக ஒருக்கால் பாக்கவேணுமாம். திறப்பை அம்மா எங்கையோ வச்சிட்டா எண்டன். நாளைக்குக் காலமை வருகினம்."

எந்த விரல் அவனைக் காக்க மடக்கப்பட்டதோ, அந்தச் சுட்டுவிரலைப் பிடித்துக்கொண்டே பொய் சொல்லியிருக்கிறான்.

பிறகு என் அறைக்கு வந்தான்.

"அம்மா, திறப்பைத் தாங்கோ. வேலையிடத்திலை உதே மாதிரி வளையம் ஒண்டு கிடக்கு. அதைப் பொருத்தி, நெளிவை எடுத்துவிட்டால் ஒண்டும் தெரியாது."

"அந்தப் பெட்டை கண் முழிச்சவளோ?"

"அம்மா, நான் அடிக்கேல்லை."

"நீ அடிக்கேல்லை. அது எனக்குத் தெரியும். முழிச்சவளோ?"

"தெரியாது."

"போய்க் கேட்டுக்கொண்டு வா. பிறகு திறப்பைப் பற்றிக் கதைப்பம்."

"உங்களுக்கு அவளைக் கண்ணிலையும் காட்டக்கூடாதே. சாடி உடைச்சவளெண்டு எத்தினை நாள் திட்டினனீங்கள்?"

"திட்டினனான். இன்னும் திட்டுவன். அவள் எழும்பி வந்து மன்னிப்புக் கேக்குமட்டும் திட்டுவன்."

கதவைச் சாத்திக்கொண்டு போனான். போகவில்லை, வெளியே நிற்கிறான். கால் நிழல் கதவுக்குக் கீழே தெரிகிறது. வசந்தி அழுகிறாள். தொலைபேசி அடித்து அடித்து ஓய்கிறது, ம.வாகத்தான் இருக்கும்.

திறப்பு இடுப்பில். பிடித்துப் பிடித்து உள்ளங்கை முழுக்க இரும்பு மணம்.

இப்போதுதான் மழை தொடங்குகிறது.